கீச்சிடும் ஸ்டீரிங்: ரேக்கைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்டீரிங்கைத் திருப்பும்போது கீச்சென்று சத்தம் வந்தால், கொங்குப் பக்கத்துப் பட்டறைகளில் முதலில் விழும் கேள்வி, "ஏனுங்கண்ணா, ரேக் போயிருச்சுங்களா?" என்பதுதான். ரேக் என்பது ஸ்டீரிங் ராடின் சுழற்சியை முன்சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றும் பல் சட்டம். அது பெரும்பாலும் போயிருக்காது. ரேக் கெட்டதற்கான அறிகுறிகள் வேறு. மேடு பள்ளத்தில் லொடக் லொடக்கென்று தட்டும். நேராகப் போகும்போது ஸ்டீரிங்கில் ஆட்டம் தெரியும். ஹைட்ராலிக் பவர் ஸ்டீரிங்காக இருந்தால் ரேக்கின் ஓரங்களில் மடிப்பு ரப்பர் உறையாக இருக்கும் பெல்லோவில் ஆயில் கசியும். கீச் என்பது அப்படிப்பட்டதல்ல. காய்ந்துபோன இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று உரசுகின்றன. ஒரு கணம் ஒட்டிப் பிடிக்கும், அடுத்த கணம் வழுக்கி விடும், மறுபடி பிடிக்கும். நொடிக்குப் பலநூறு தடவை நடக்கும் அந்தப் பிடி-விடுதான் காதில் கீச்சாக விழுகிறது.

சிக்கல் என்னவென்றால், சத்தம் கேட்கிற இடத்தில்தான் அது பிறக்கிறது என்று சொல்ல முடியாது. ஸ்டீரிங் ராடு மேலிருந்து கீழே வரை இரும்பு. சக்கரத்துப் பக்கம் ஒரு பால் ஜாயிண்ட் (எல்லாப் பக்கமும் அசையும் உருண்டை மூட்டு) காய்ந்து முனகினாலும், ராடு அந்த முனகலை மேலே தூக்கிக்கொண்டு வந்து உங்கள் உள்ளங்கையில் கொடுக்கும். கேட்பவர் "ஸ்டீரிங்குக்குள்ளேயே கத்துது" என்று சத்தியம் செய்வார். ஆகவே எந்த ஸ்பேனரையும் எடுப்பதற்கு முன்னால் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு அரை மணி நேரம், கூட ஒரு ஆள், ஒரு குப்பி தண்ணீர் போதும்.

முதல் வேலை, வண்டியை வீட்டுப் போர்ட்டிகோவிலிருந்து வெளியே எடுப்பது. வழவழப்பான டைல்ஸ் மேல் நின்றுகொண்டு ஸ்டீரிங்கைத் திருப்பினால் டயரே கத்தும். பெரிய கடைகளின் அடித்தளப் பார்க்கிங்கில் பெயின்ட் பூசிய தரையிலும் அப்படித்தான். மண் தரையிலோ களத்திலோ நிறுத்தித் திருப்பிப் பாருங்கள். சத்தம் காணாமல் போனால் வண்டிக்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது, ஸ்டீரிங் மேல் மாட்டிய உறையைக் கழற்றுவது. கடையில் வாங்கி மாட்டும் தடித்த உறையின் உள்விளிம்பு, இண்டிகேட்டர் லீவர் மேலேயோ பின்பக்கப் பிளாஸ்டிக் மேலேயோ உரசும். உறை சற்றுப் பெரிதாக இருந்தால் ஸ்டீரிங் வளையத்தின் மேலேயே நழுவிக் கீச்சிடும். அப்படி நழுவும் உறை மலைப்பாதையில் ஆபத்தும்கூட. சத்தம் அதோடு நின்றால் உறையைத் திரும்ப மாட்டாதீர்கள்.

இன்னொன்று, சீட்டும் கத்தும். ஸ்டீரிங்கை இழுக்கும்போது உடம்பு சாய்வதால் சீட்டுக்கடியில் இருக்கும் ரெயில் முனகலாம். வெளியே நின்றுகொண்டு, ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இவை மூன்றும் இல்லையென்றால்தான் உண்மையான தேடல் ஆரம்பம்.

இன்ஜினை ஓட்டாமல், சாவியை ஆன் நிலையில் வையுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக்கையோ கிளட்சையோ மிதிக்காமல் பட்டனை, பல வண்டிகளில் இரண்டு தடவை, அழுத்தினால் ஆன் நிலை கிடைக்கும். சாவி இல்லாமல் திருப்பினால் ஸ்டீரிங் லாக் விழும், அதனால் இது அவசியம். ஏ.சி. விசிறி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இப்போது வளையத்தை இடப்பக்கம் நான்கு விரல், வலப்பக்கம் நான்கு விரல் அளவு மட்டும் அசையுங்கள். பவர் இல்லாமல் ஓரம் வரை முறுக்க வேண்டாம், அது எல்லா ஜாயிண்டுக்கும் வீண் பாரம்.

இந்தச் சின்ன அசைவிலேயே கீச் வந்தால் கோளாறு மேல்பாதியில்: வளையம், அதன் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் கவர், கிளாக் ஸ்பிரிங் (வளையத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடா), கேபினுக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள தகட்டை ராடு துளைத்துப் போகும் இடத்து ரப்பர். இதில் வராமல், இன்ஜினை ஓட்டிப் பெரிதாகத் திருப்பினால்தான் வருகிறதென்றால் கோளாறு கீழ்ப்பாதியில்: ஹைட்ராலிக் பம்பைச் சுற்றும் பெல்ட், ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக் அப்சார்பரும் சுருள் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை மேலே பிடிக்கும் இடம்), பால் ஜாயிண்ட், டை ராடு எண்டு (ரேக்கைச் சக்கரத்துப் பக்கம் இணைக்கும் முனை). இந்த ஒரே சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

சத்தத்தின் குணத்தையும் கவனியுங்கள். பிளாஸ்டிக் உரசினால் மெல்லிய, உயர்ந்த கீச். ரப்பர் உரசினால் ஈரச் செருப்பைத் தரையில் தேய்த்ததுபோல ஒரு க்ரீக். காகிதம் கசங்குவதுபோலச் சரசரத்தால் கிளாக் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கலாம். நின்ற இடத்தில் திருப்பும்போது பழைய கதவுபோல நீளமாக முனகினால் பால் ஜாயிண்ட். கம்பியை மீட்டியதுபோல டொய்ங் என்று விடுபட்டால் ஸ்ட்ரட் மவுண்ட். இன்ஜின் ஓடும்போது ஓரம் வரை திருப்பியதும் வீல் என்று அலறினால் பெல்ட். எலக்ட்ரிக் பவர் ஸ்டீரிங்கில் மிக மெல்லிய ஊய்ங் சத்தம் மோட்டாருடையது, அது இயல்பு.

மேல்பாதிக் கோளாறுகளில் அதிகம் வருவது, வளையத்தின் பின்பக்கம் அதற்கடுத்துள்ள பிளாஸ்டிக் கவரில் உரசுவதுதான். சாவித் துளையையும் லீவர்களையும் சுற்றி மூடியிருக்குமே, மேல் கீழ் என்று இரண்டு துண்டாக, அந்தக் கவர். ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து வளையத்துக்கும் கவருக்கும் இடையே இருக்கும் இடைவெளியில் விட்டு வட்டமாக ஓட்டுங்கள். ஓரிடத்தில் கார்டு சிக்கினால் அங்கேதான் உரசல். கையால் கவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு வளையத்தை அசைத்தால் சத்தம் மாறும் அல்லது நிற்கும். ஸ்டீரிங்கை மேலே கீழே சரிக்கும் வசதி இருந்தால் உயரத்தை மாற்றியும் பாருங்கள். மாற்றியதும் சத்தம் மாறினால் இதே பகுதிதான்.

இந்தக் கீச் காலையில் இருக்காது, மத்தியானம் வரும். பங்குனி, சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிளாஸ்டிக் விரிந்து, கிளிப் நழுவி, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியும் மூடிவிடும். யாராவது ஒருதரம் சாவிப் பெட்டிக்கோ லீவர் ஸ்விட்சுக்கோ கவரைக் கழற்றி, ஒரு கிளிப் சரியாக உட்காராமல் மாட்டியிருந்தாலும் இதே கதை. புது ஸ்டீரியோ, சென்ட்ரல் லாக், ஜி.பி.எஸ். பொருத்திய பிறகு சத்தம் ஆரம்பித்திருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

சரிசெய்வது எளிது. கவரின் அடியில் பெரும்பாலும் மூன்று ஸ்க்ரூ இருக்கும். சில வண்டிகளில் வளையத்தைக் கால் சுற்று இடமும் வலமும் திருப்பினால் முன்பக்கத்திலும் இரண்டு ஸ்க்ரூ கண்ணில் படும். அவற்றைக் கழற்றி, இரண்டு துண்டையும் பிளாஸ்டிக் நெம்பியால் மெதுவாகப் பிரியுங்கள். இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் கவரின் கிளிப் காது உடையும். உரசிய இடம் பளபளவென்று தேய்ந்தோ வெள்ளைப் பொடி படிந்தோ தெரியும். ஈரத் துணியால் துடைத்து, காயவிட்டு, உரசும் ஓரத்தில் வயரிங்குக்குச் சுற்றும் துணி டேப்பை ஒரே அடுக்கு ஒட்டுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் வேண்டாம். வெயிலில் அதன் பசை உருகி வழியும், அந்தப் பிளாஸ்டிக்கே பிறகு கீச்சிடும். மாட்டும்போது எல்லாக் கிளிப்பும் டக்கென்று உட்கார்ந்த பிறகே ஸ்க்ரூவை முறுக்குங்கள். கவரைத் திரும்பப் பொருத்தும்போது உள்ளே எந்த வயரும் நசுங்கக் கூடாது, முக்கியமாக ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் நிறத்தது.

அடுத்து, அதிகம் பேர் பார்க்காமல் விடும் இடம்: பெடல்களுக்கு மேலே, ராடு தகட்டைத் துளைத்து இன்ஜின் பக்கம் போகும் துளையை மூடியிருக்கும் ரப்பர் பூட். தூசியும் இன்ஜின் சூடும் கேபினுக்குள் வராமல் தடுக்க அது ராடைக் கவ்விப் பிடித்திருக்கும். கவ்வும் உதட்டில் தயாரிப்பிலேயே கொஞ்சம் கிரீஸ் இருக்கும். சில வருடத்தில் அது காய்ந்துபோகும், அதன்மேல் தூசி ஒட்டும். நம் பக்கத்துத் தூசியும் லேசுப்பட்டதல்ல. பொள்ளாச்சியில் தென்னைநார் மில்லின் மஞ்சித்தூள், திருப்பூர், அவிநாசி பக்கம் பஞ்சு, பல்லடம், நாமக்கல்லில் கோழிப்பண்ணைத் தூசி, கிரஷர் ஓரத்தில் கல்மாவு, தோட்டத்துக்குப் போய்வரும் வண்டியில் செம்மண். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து எல்லா இடுக்கிலும் திணிக்கும். தோட்டத்துச் சாளையில் நிற்கும் வண்டியென்றால் எலி கடித்த தடமும் இருக்கிறதா பாருங்கள். கடிபட்ட ரப்பருக்குக் கிரீஸ் போட்டுப் பயனில்லை, புதிதுதான் போட வேண்டும். அந்த ஓட்டை வழியாக எலி கேபினுக்குள்ளேயே வந்துவிடும்.

இந்த ரப்பரைச் சோதிக்கத் தண்ணீர்தான் சிறந்தது. கூட இருப்பவர் வளையத்தை அசைக்க, நீங்கள் டார்ச் வெளிச்சத்தில் பெடல் பக்கம் குனிந்து, ரப்பரும் இரும்பும் சேரும் இடத்தில் ஸ்ப்ரே குப்பியால் நாலைந்து துளி தண்ணீர் மட்டும் விடுங்கள். உடனே சத்தம் நின்று, காய்ந்ததும் திரும்ப வந்தால் குற்றவாளி ரப்பர்தான். எண்ணெயால் சோதித்தால் அந்த எண்ணெய் அங்கேயே தங்கி ரப்பரைக் கெடுக்கும். தண்ணீர் தகவலை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும்.

பரிகாரம் சிலிக்கான் கிரீஸ். பழைய காய்ந்த கிரீஸைத் துணியால் முடிந்தவரை துடையுங்கள். ரப்பரின் உதட்டை விரலால் கொஞ்சம் விலக்கி, கொண்டைக்கடலை அளவு சிலிக்கான் கிரீஸைப் பழைய டூத் பிரஷ்ஷில் எடுத்து ராடைச் சுற்றித் தடவுங்கள். இன்ஜினை ஓட்டி, ஓரத்துக்கு ஓரம் பத்துத் தடவை மெதுவாகத் திருப்பினால் அது உள்ளே பரவும். மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள்.

சிலிக்கான் ஸ்ப்ரே டப்பாவை அங்கே நேராக அடிக்காதீர்கள். அதன் சாரல் பிரேக் பெடல் மேல் படிந்தால் அவசரத்தில் கால் வழுக்கும். பெடலுக்கு மேலிருக்கும் பிரேக் லைட் ஸ்விட்ச் போன்றவற்றின் உள்ளே போனால் தொடுமுனையில் படலம் பிடித்து மின்தொடர்பு கெடலாம். ஸ்ப்ரேதான் கையில் இருக்கிறதென்றால் துணியில் அடித்து, அந்தத் துணியால் தடவுங்கள். வேலை முடிந்ததும் மூன்று பெடலையும் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பதை மறக்க வேண்டாம். டிங்கரிங், பெயின்டிங் நடக்கும் கொட்டகைக்குள்ளும் சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். அதன் துளி பட்ட இடத்தில் புது பெயின்ட் பிடிக்காமல் குழி குழியாக விழும், பெயின்டரின் ஒருநாள் உழைப்பு வீணாகும்.

எந்த மசகு எதற்கு என்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. மாட்டு வண்டி அச்சுக்கு மை போட்டுப் பழகிய ஊர் இது. சத்தம் வந்தால் எண்ணெய் விடு என்பது கையோடு வந்த பழக்கம். மரமும் இரும்பும் உரசிய காலத்தில் அது சரி. இன்றைய ஸ்டீரிங்கில் உரசுவது பிளாஸ்டிக்கும் ரப்பரும். துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்தால் உடனே சத்தம் நிற்கும், உண்மைதான். அதிலிருக்கும் கரைப்பான், மிச்சமிருந்த நல்ல கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். சில நாளில் சத்தம் முன்னைவிடக் கூடும். தேங்காய் எண்ணெய் வீட்டில் இருக்கிறதென்று விட்டால், நாளாக ஆகப் பிசினாகித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்ஜின் ஆயிலும் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸும் பெட்ரோலிய வகை. ரப்பர் பூட் செய்யப் பயன்படும் பல ரப்பர்கள் அதில் ஊறி உப்பிக் குழைந்துவிடும். ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் சிலிக்கான், இரும்போடு இரும்பு உரசும் இடத்துக்கு லித்தியம் கிரீஸ். இவ்வளவு நினைவில் இருந்தால் போதும்.

ஏர்பேக் இல்லாத பழைய வண்டிகளில் இன்னொரு இடம் உண்டு. வளையத்தின் பின்னால் ஹாரனுக்காக ஒரு பித்தளை வளையமும், அதைத் தொட்டுக்கொண்டு ஸ்பிரிங் வைத்த ஒரு சிறு முனையும் இருக்கும். அது காய்ந்தால் சுற்றுக்குச் சுற்று கீச்சிடும், ஹாரனும் விட்டு விட்டு அடிக்கும். பேட்டரியின் நெகடிவைக் கழற்றிவிட்டு, வளையத்தை எடுத்து, கறுத்த பசையைத் துணியால் துடைத்து, லித்தியம் கிரீஸை விரல் நுனியில் தொட்டுப் படலமாகத் தடவினால் சரியாகும். அப்பிவிட்டால் பித்தளைத் தூளோடு கலந்து திரும்பவும் ஹாரனுக்குத்தான் தொல்லை.

ஏர்பேக் வண்டியில் இதே வேலை வேறு மாதிரி. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயம். அதற்கு முன்பே பல வண்டிகளில் இருந்தது. அவற்றில் ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் மின்சாரம் போவது கிளாக் ஸ்பிரிங் வழியாக. கடிகாரச் சுருள்போலச் சுற்றிய ஒரு நாடாக் கம்பி, வட்டப் பெட்டிக்குள் இருக்கும். சரசரப்போடு ஹாரனும் வளையத்திலுள்ள பட்டன்களும் விட்டு விட்டு வேலை செய்தால், அல்லது மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், நாடா கிழியத் தொடங்கியிருக்கலாம். கிழிந்ததை உள்ளே கிரீஸ் போட்டுச் சரிசெய்ய முடியாது. மாற்றத்தான் வேண்டும். விளக்கு எரிவதென்றால் விபத்தில் ஏர்பேக் விரியும் என்ற உறுதி இல்லை. இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இந்த வேலையைப் பயிற்சி உள்ளவரிடம் கொடுப்பதே சரி. ஆனால் அவர் எப்படிச் செய்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முன்சக்கரங்கள் நேராக நிற்க வேண்டும். சாவியை அணைத்து, பேட்டரி நெகடிவைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். அது கையில் இல்லையென்றால் பத்து நிமிடம் விடலாம். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள், பேட்டரி அறுந்தாலும் வெடிக்க வைப்பதற்கான மின்சேமிப்பு இருக்கும், அது வடிவதற்குத்தான் இந்தக் காத்திருப்பு. மஞ்சள் கனெக்டரில் மல்ட்டிமீட்டர் வைத்துச் சோதிப்பதைப் பார்த்தால் உடனே தடுங்கள், அந்தச் சிறு மின்சாரமே ஏர்பேக்கை வெடிக்க வைக்கலாம். கழற்றிய ஏர்பேக்கை அலங்காரப் பக்கம் மேலே தெரியும்படி, ஆள் நடமாடாத இடத்தில் வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்து, தப்பித் தவறி வெடித்தால் அது மேலே எகிறும்.

வளையத்துக்கும் ராடுக்கும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, நடு நட்டைத் தளர்த்தி, இரண்டு மூன்று மரை மிச்சம் வைத்துவிட்டுத்தான் வளையத்தை இழுக்க வேண்டும். நட்டை முழுதாக எடுத்துவிட்டு இழுத்தால், பிடி விட்டதும் வளையம் முகத்தில் அடிக்கும். புது கிளாக் ஸ்பிரிங் நடுநிலையில் பூட்டி வரும். அந்தப் பூட்டைப் பொருத்திய பிறகே எடுக்க வேண்டும். பூட்டு கழன்றுவிட்டதென்றால் ஒரு ஓரத்துக்கு மெதுவாகச் சுற்றி, அங்கிருந்து மறு ஓரம் வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வர வேண்டும். நடு தவறினால் முதல் யூ-டர்னிலேயே நாடா அறுந்துவிடும், புதுப் பொருளின் காசு போச்சு. நட்டைக் கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் முடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து சாவியை ஆன் செய்தால் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து தானாக அணைய வேண்டும். வழுக்கல் தடுப்பு வசதி உள்ள பல வண்டிகளில் ஸ்டீரிங் கோண சென்சாரை ஸ்கேனர் வைத்து நேர்செய்யவும் வேண்டும். விலை குறைவென்று பழைய சாமான் கடையில் கிளாக் ஸ்பிரிங்கோ ஏர்பேக்கோ வாங்காதீர்கள். அது எந்த விபத்து வண்டியிலிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது.

இனிக் கீழ்ப்பாதி. ஹைட்ராலிக் வண்டி என்றால் முதலில் பானெட்டைத் திறங்கள். ஆயில் குறைந்திருந்தால் அலறல் பம்பிலிருந்து வரும், ஆயிலில் நுரை தெரிந்தால் காற்று புகுந்திருக்கிறது. மூடியில் எழுதிய வகை ஆயிலையே ஊற்றுங்கள். பெல்ட்டா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போது எட்ட நின்று ஸ்ப்ரே குப்பியால் பெல்ட்டின் வரிப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சுங்கள். வேட்டி நுனி, துண்டு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் அருகே போகக் கூடாது. சத்தம் சற்று நின்று திரும்ப வந்தால் புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் தளர்ச்சி. தேய்ந்த பெல்ட்டுக்கு மெழுகு, பவுடர் தடவுவதெல்லாம் ஒருநாள் வைத்தியம்.

பெல்ட் காரணமில்லையென்றால் சத்தம் சக்கரத்துப் பக்கம்தான். கூட இருப்பவர் ஸ்டீரிங்கை மெதுவாகத் திருப்பட்டும். நீங்கள் முன்சக்கர வளைவுக்குள் கையை விட்டு, சுருள் ஸ்பிரிங்கின் வெளிப்புறத்தில் உள்ளங்கையை வையுங்கள். சுருள்களுக்கு இடையே விரல் போகக் கூடாது. ஸ்பிரிங் சீராகத் திரும்பாமல், இழுத்துப் பிடித்து டக்கென்று விடுபட்டால் மேலேயுள்ள ஸ்ட்ரட் பேரிங் இறுகிவிட்டது. பானெட்டைத் திறந்தால் பல வண்டிகளில் ஸ்ட்ரட்டின் தலை, ரப்பர் மூடியோடு தெரியும். அந்த மூடி தொலைந்து, மழைத் தண்ணீரும் மண்ணும் இறங்கியதுதான் பாதிக் காரணம். மூடி சில ரூபாய், பேரிங் மாற்றுவது அரைநாள் வேலை. ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி இல்லாமல் இதைக் கழற்ற முயலாதீர்கள், விடுபட்ட ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். ஷாக் அப்சார்பர் மாற்றும் எண்ணம் இருந்தால் இதையும் அதோடு சேர்த்து, இரண்டு பக்கமும் மாற்றிவிடுங்கள். கழற்றிப் பூட்டும் கூலி ஒருதரத்தோடு போகும். முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

நின்ற இடத்து முனகல் பால் ஜாயிண்டிலிருந்து என்று சந்தேகம் வந்தால், முதலில் அதன் ரப்பர் உறையைப் பாருங்கள். கிழிசல், சுற்றிலும் கிரீஸ் வழிந்த கறை, உள்ளே செம்மண் தெரிந்தால் சோதிக்கவே தேவையில்லை. உறை நன்றாக இருந்தும் சத்தம் வந்தால், மாட்டுக்குப் போடும் தடித்த ஊசியில் லித்தியம் கிரீஸ் நிரப்பி, உறையின் மேல் ஓரமாக இரண்டு மி.லி. மட்டும் ஏற்றுங்கள். சத்தம் நின்றால் ஜாயிண்ட் காய்ந்துபோனது உறுதி. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சத்தம் நின்றதும் வேலை முடிந்தது என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். ஊசி போட்டது கண்டுபிடிக்க மட்டுமே. கீச்சிடும் அளவுக்குக் காய்ந்த ஜாயிண்ட் உள்ளே தேய்ந்திருக்கும். ஓடும்போது, சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் வெளியே மடங்கி, ஸ்டீரிங் எதற்கும் கேட்காது. இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லாச் சத்தத்திலும் உயிருக்கு நேரடியாக ஆபத்தானது இதுதான். ஜாயிண்ட்டை மாற்றும் வரை மலை ஏற வேண்டாம்.

தூக்கிப் பார்ப்பதும் உதவும். கெட்டியான தரையில், பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். செம்மண் தரையில் ஜாக்கி புதையும், அகலப் பலகை வையுங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே, அதை நம்பி அடியில் படுக்காதீர்கள். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது சத்தம் இல்லை, இறக்கினால் வருகிறதென்றால் பாரம் தாங்கும் உறுப்புகள், அதாவது ஸ்ட்ரட் பேரிங், பால் ஜாயிண்ட். அந்தரத்திலும் வந்தால் ராடு, அதன் ரப்பர் பூட், ராடையும் ரேக்கையும் இணைக்கும் கீழ் ஜாயிண்ட் ஷாஃப்ட். அந்த ஷாஃப்ட்டின் கிராஸ் (சிலுவை வடிவ மூட்டு) துருப்பிடித்தால், ஒரு முழுச் சுற்றில் இரண்டு இடத்தில் ஸ்டீரிங் கனத்து, நடுவில் லேசாகும். திருப்பத்தில் இருந்து தானாக நேருக்கு வரவும் தயங்கும். எண்ணெய் விட்டுக் காலம் தள்ளும் பொருளல்ல இது. ஷாஃப்ட்டை மாற்றுங்கள். கழற்றியிருக்கும் நேரத்தில் மேலே வளையம் சுற்றிவிடாமல் சீட் பெல்ட்டால் கட்டி வைக்கச் சொல்லுங்கள், சுற்றினால் கிளாக் ஸ்பிரிங் போய்விடும்.

வாட்டர் சர்வீஸ் முடித்து அடுத்தநாள் கீச் ஆரம்பிப்பது அடிக்கடி நடக்கிறது. அழுத்தமான தண்ணீரைப் பால் ஜாயிண்ட் உறை மேலும் ஸ்ட்ரட் தலை மேலும் கிட்ட வைத்து அடித்தால், உதட்டு வழியாகத் தண்ணீர் உள்ளே போய்க் கிரீஸைத் தள்ளிவிடும். அதன்பின் அடியில் டீசல் அடிப்பது இன்னும் மோசம். பளபளப்பாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு புஷ்ஷும் உறையும் டீசலில் ஊறும். சர்வீஸ் ஸ்டேஷனில் வண்டியை விடும்போதே, "அடியில வெறும் தண்ணி மட்டும் அடிங்க தம்பி, டீசல் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

பட்டறைக்குக் கொண்டுபோவதென்றால் "ஸ்டீரிங்ல சத்தம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். காலையிலா மத்தியானமா, மழையிலா வெயிலிலா, இன்ஜின் நின்றா ஓடியா, நின்ற இடத்திலா ஓட்டத்திலா, இடப்பக்கமா வலப்பக்கமா, இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சத்தம் வரும்போது செல்போனில் பதிவு செய்தும் வையுங்கள், மெக்கானிக் முன்னால் வண்டி வாயே திறக்காது. என்ன மாற்றினாலும் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக் கையால் அசைத்துப் பாருங்கள்.

ஸ்டீரிங் ராடு, ஜாயிண்ட், பால் ஜாயிண்ட் எதைத் தொட்டிருந்தாலும் முடுக்கிய ஒவ்வொரு போல்ட் மேலும் பெயின்ட் பேனாவால் போல்ட்டையும் அடித்தளத்தையும் சேர்த்து ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். முதல் நாள் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பக்கமும் எட்டுப் போட்டுப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் திரும்பக் குனிந்து அந்தக் கோடுகளைப் பாருங்கள். கோடு உடையாமல் நேராக இருந்தால் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுக்கோ, திம்பத்தின் 27-க்கோ, கொல்லிமலையின் 70-க்கோ வண்டியை ஏற்றலாம்.